நிழல் இல்லாத சனிக்கிழமை

சனி, பெப்ரவரி 4, 2012

டிரொலியின் இடது சில்லு இன்றும் கீச்சிட்டது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வயதானவர்கள் மரக்கறி வாங்கி இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த டிரொலி. அதற்குள் மணல் நிரப்பிய பெயின்ற் வாளி, நூல், ஆறு பலூன், ஒரு சிவப்பு முட்டைக்கோவா, ஒரு மீட்டருக்குச் சற்று நீண்ட குச்சி. குச்சி மட்டும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மீன் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடிவதில்லை. ஆறாம் வகுப்போடு நழுவிவிடுகிறார்கள். கடைசி ஒரு மணித்தியாலத்தை என்னிடம் தாருங்கள், தமிழில் விஞ்ஞானம் செய்கிறோம், புத்தகம் வேண்டாம், கையால் செய்கிறோம் என்று அதிபர் அந்தோனிப்பிள்ளை சேரை ஒரு வருடமாக அரித்தேன். அரிப்புத் தாங்காமல் தந்துவிட்டார். "செய்யுங்கோ ரீச்சர். ஆனா நாலாம் தவணையிலயும் ஆறு பிள்ளையள் நிக்கவேணும். இல்லாட்டி கமிற்றி வகுப்பை மூடச் சொல்லும்."

இன்று ஒன்பது பேர். ஒன்பது! அதில் ஒருத்தி தம்பி மயூரதனின் மகள் அருந்ததி. அவளாக வரவில்லை, தம்பி கொண்டுவந்து விட்டான். இன்னொருத்தி ஹரிப்பிரியா. எட்டு வயதில் சென்னையிலிருந்து வந்தவளாம். வாயைத் திறந்தால் கேள்விதான்.

குச்சியை வாளி மணலில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிறுத்தி, நிழலின் நுனியில் வெண்கட்டியால் கோடு போட்டோம். ஒவ்வொரு சனியும் நண்பகல் நிழலை அளப்போம், வருடம் முழுக்க, என்றேன். முகங்கள் தொங்கின. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்: "இந்த வருசம் ஒரு நாள் இந்தக் குச்சிக்கு நிழலே இருக்காது. துளியும் இருக்காது. எந்த நாள் எண்டு எனக்குத் தெரியும். இப்ப சொல்லமாட்டன்."

ஒன்பது தலையும் நிமிர்ந்தது. மெல்பேர்ணுக்கு வந்த நாலு வருடமாக என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஞாயிறு, பெப்ரவரி 5

எந்த நாள் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஒக்ரோபர் 13.

வவுனியாவில் அது ஏப்ரல் பன்னிரண்டையொட்டி வரும். வருடப்பிறப்பு விடுமுறைக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போவேன். சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். நிழல் சப்பாத்துக்குள் போய்விடும். பதினைந்து வருடம், ஒரு வருடமும் தப்பியதில்லை. இங்கே எல்லாம் ஆறு மாதம் தள்ளி. ஆகவே பழைய பாடத்திட்டக் கொப்பியை எடுத்து மாதங்களை மட்டும் வெட்டி எழுதினேன். ஏப்ரலுக்கு ஒக்ரோபர், ஓகஸ்டுக்குப் பெப்ரவரி. நாற்பது சனிக்கிழமைக்கும் வேலை போட்டாயிற்று. பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமையாகவே வருகிறது. என்ன அதிர்ஷ்டம்!

பின்வளவில் ஒரு குச்சி நட்டால் கிழமை நாட்களிலும் அளக்கலாமே என்று தம்பியிடம் கேட்டேன். புல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, இப்பதான் புதுசா புல்லுப் போட்டனான். பழுதாப் போயிடும்." சரி என்றேன். அவனுடைய வீடு. பின்னறை எனக்குத் தந்திருக்கிறான், அதுவே பெரிது. இனிக் கேட்கக் கூடாது.

சனி, பெப்ரவரி 11

வெண்கட்டிக் கோட்டுக்கு முறைப்பாடு வந்துவிட்டது. பள்ளிக்கூடம் எங்களுடையது அல்லவே. சனிக்கிழமை காலைக்கு மட்டும் வாடகை. வந்தது தெரியாமல் போகவேண்டும். கதிரை இருந்த இடத்தில் கதிரை, பலகை துடைத்தபடி. "ஒண்டும் கீறக்கூடாதாம் ரீச்சர்," என்று அந்தோனிப்பிள்ளை சேர் மெல்லச் சொன்னார். அவருக்கு என்னைவிடக் கூச்சம்.

வகுப்பறைச் சுவரில் கிழமை நாட்களில் படிக்கிற பிள்ளைகளின் வேலைகள் தொங்குகின்றன. முளைத்த விதைகள், நிலாவின் படங்கள். யன்னலோரம் பெயர் எழுதிய பூச்சாடிகள். நான் அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பூச்சாடி வைக்க அரை அடி யன்னல் இருந்தால் நான் என்னவெல்லாம் செய்வேன்.

சனி, பெப்ரவரி 18

கோடு கீறத்தானே கூடாது? பிளாஸ்ரிக் மேசைவிரிப்பு ஒன்று வாங்கினேன். விரிப்பது, குச்சி வாளியை மூலையில் வைப்பது, நிழல் நுனியில் மார்க்கரால் புள்ளி, பிறகு சுருட்டி டிரொலிக்குள். வருடம் முழுவதையும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம்.

ஒரேயொரு தொல்லை. கோடையில் இவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்திருக்கிறார்கள். சூரியன் உச்சிக்கு வர ஒன்றரை தாண்டிவிடும். எங்களுக்கு வகுப்பு முடிவது பன்னிரண்டரைக்கு, ஒரு மணிக்குக் கேற் பூட்டு. ஆகவே பிள்ளைகள் போனபின் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து நடைபாதையில் தனியே விரித்து அளந்தேன். நாயோடு வந்த ஒருவர் சுற்றிக்கொண்டு போனார். 49 சென்ரிமீட்டர். அளந்ததைச் சொல்ல யாரும் இல்லை. நாயிடம் சொல்லியிருக்கலாம்.

சனி, மார்ச் 24

82. இன்றும் நடைபாதையில். ஏழு பேர் வந்தார்கள்.

சனி, ஏப்ரல் 21

மணிக்கூட்டைத் திருப்பி வைத்துவிட்டார்கள். இனி உச்சி பன்னிரண்டே காலுக்கு, பிள்ளைகளும் பக்கத்தில்! ஹரிப்பிரியாவே குனிந்து அளந்தாள். 118. நிழல் தன்னைவிட நீண்டுவிட்டது என்று மற்றவர்கள் விரிப்பைச் சுற்றி ஓடினார்கள். அருந்ததிகூடச் சிரித்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் சிரிப்பதை நான் சனிக்கிழமையில்தான் காண்கிறேன்.

சனி, மே 12

அப்பமாவு. மூன்று போத்தல்: ஒன்று ஐஸ் தண்ணீரில், ஒன்று சும்மா, ஒன்று சுடுதண்ணீரில். வாயில் பலூன். எந்தப் பலூன் முதலில் எழும்பும்? சத்தமென்றால் சத்தம். மூன்றாவது பலூன் எழும்பி நின்றபோது, "இட்ஸ் அலைவ்!" என்று ஒருத்தி கத்தினாள்.

மிஞ்சிய மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் சுடலாம் என்றுதான். குசினியில் தம்பி மனைவி யோகா எழுதி வைத்த துண்டு: "மச்சாள், நாங்கள் மல்கிரேவிலை ஒரு பேத்டே பாட்டிக்குப் போறம். சோறு பிரிஜ்ஜுக்குள்ள இருக்கு." நல்ல பிள்ளை யோகா, ஒருநாளும் சாப்பாடு வைக்காமல் போனதில்லை. எட்டு அப்பம் சுட்டேன். இரண்டு சாப்பிட்டேன். ஒன்றை நின்றபடி, ஒன்றை இருந்தபடி.

புதன், யூன் 6

இன்று வெள்ளி சூரியனைக் கடக்கிற நாள். இனி இந்த நூற்றாண்டில் இல்லை. எனக்கு வேலை. முதியோர் இல்லக் குசினியில் அறுபது பேருக்குப் பூசணிக்காய் மசித்தேன்.

சனி, யூன் 23

182. இதுதான் வருடத்தின் நீண்ட நிழல், இனிச் சுருங்கும் என்றேன். ஹரிப்பிரியா வரைபுத்தாளில் எல்லாப் புள்ளிகளையும் போட்டு வைத்திருந்தாள். நான் சொல்லாத வேலை.

"மிஸ், இது ஜீரோவுக்கு வருமா?"

"வரும்."

"நிச்சயமாவா?"

"பதினைஞ்சு வருசம் கண்ணால பாத்தனான் பிள்ளை."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஹரிப்பிரியாவை இன்றுதான் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஏதோ உறுத்துகிறது.

ஞாயிறு, யூன் 24

வராது.

வராது, வராது, வராது. பாகைமானியை எடுத்து ஐந்து நிமிடம் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சூரியன் தெற்கே வந்தால் எவ்வளவு தூரம் வரும்? இருபத்துமூன்றரைப் பாகை. மெல்பேர்ண் எங்கே இருக்கிறது? முப்பத்தெட்டில். மிச்சம் பதினாலரைப் பாகை! அது இந்த ஊரின் உச்சிக்கு ஒருநாளும் வராது. டிசெம்பரில்கூட ஒரு சாண் நிழல் நிற்கும்.

எட்டாம் வகுப்புப் பாடம். இதை நான்தான் படிப்பித்தேன்! அயனமண்டலம், கர்க்கடகக் கோடு, மகரக் கோடு எல்லாம் வண்ண வெண்கட்டியில் கீறிக் கீறிப் படிப்பித்தேன். ஆனால் சூரியன் தலைக்குமேல் வராத ஊர் ஒன்று இருக்கும் என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. மாதத்தை வெட்டி எழுதினால் ஊர் மாறிவிடும் என்று இருந்துவிட்டேன். மக்கு. பெரிய ரீச்சர்!

பிள்ளைகளிடம் என்னென்று சொல்லுவன்? அந்த நாளுக்காகத்தானே ஏழு பேரும் வருகுதுகள். சொன்னால் நாளைக்கே நிண்டுடுங்கள். அதுகள் நிண்டால் எனக்கு என்ன இருக்கு? பூசணிக்காய்தான்.

வியாழன், யூலை 5

தவணை விடுமுறை, எனக்கும் இன்று வேலையில்லை. பஸ் தரிப்பிடத்துக்குப் போய் விரிப்பை விரித்தேன். ஒன்று பார்க்கவேண்டியிருந்தது. குச்சியைச் சூரியனை நோக்கிச் சாய்த்தேன். இன்னும், இன்னும் — நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒடுங்கிக் காணாமல் போயிற்று.

ஒக்ரோபரில் பாதிச் சாய்வு போதும். வாளியில் மணல் இளகியிருந்தால் குச்சி தானாகச் சாய்ந்தது போலவே இருக்கும். யார் கவனிக்கப்போகிறார்கள்? அன்றைக்கு முகிலாய் இருந்தால் அதுவும் தேவையில்லை.

இப்படி யோசிக்கிறேன். எழுதியும் வைக்கிறேன்.

சனி, ஓகஸ்ட் 11

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு ஜாம் போத்தல் கொண்டுவந்தார்கள். நிழல் மறையும் நாள் எதுவென்று ஆளாளுக்குத் துண்டில் எழுதி மடித்துப் போட்டார்கள். "நீங்களும் போடுங்கோ மாமி," என்றாள் அருந்ததி. பள்ளிக்கூடத்தில் அவள் என்னை முதல் தடவையாக மாமி என்றது இதற்கா வரவேண்டும்? வெறுந்துண்டை மடித்துப் போட்டேன். ஹரிப்பிரியா துண்டு போடவில்லை. "எனக்கு வேணாம் மிஸ்."

இன்றே சொல்லியிருக்கலாம்.

சனி, செப்ரெம்பர் 8

பட்டம் விடுகிற நாள். காற்று நன்றாக இருந்தது. ஆறு பேர். ஜாம் போத்தலைப் பள்ளிக்கூட அலுமாரியில் விட்டுவைக்க முடியாது என்பதால் அதையும் நான்தான் டிரொலிக்குள் கொண்டு திரிகிறேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் துண்டுகள் சரசரக்கின்றன.

சனி, செப்ரெம்பர் 15

சொல்லிவிட்டேன்.

விரிப்பில் 86 என்று புள்ளி போட்டபின், எழும்பாமல் நிலத்தில் இருந்தபடியே சொன்னேன். நிழல் மறையாது. இந்த ஊரில் ஒருநாளும் மறையாது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். ஒக்ரோபர் 13 என்று வவுனியாக் கணக்கில் போட்டுவிட்டேன். இவ்வளவையும் ஒரே மூச்சில்.

பிறகு ஹரிப்பிரியா கொப்பியைத் திறந்து காட்டினாள். யூன் மாதத்துப் புள்ளிகளுக்குப் பிறகு புள்ளிக்கோடாகத் தொடர்ந்து வரைந்திருந்தாள். கோடு இறங்கி, இருபத்தாறில் திரும்பி, மேலே போகிறது. பூச்சியத்தைத் தொடவே இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும் மிஸ். அப்பாகிட்ட கேட்டேன்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன்."

பதின்மூன்று வயது. பன்னிரண்டு கிழமை என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு கிழமையும் எனக்கும் தெரியும். யூலையில் நடைபாதையில் நான் குச்சியைச் சாய்த்ததை அவள் காணவில்லை, அதுமட்டும்தான்.

ஜாம் போத்தலை யாரும் கேட்கவில்லை.

புதன், செப்ரெம்பர் 19

அந்தோனிப்பிள்ளை சேரின் தொலைபேசி. நாலாம் தவணைக்கு ஐந்து பேர்தான் பதிந்திருக்கிறார்கள். "அதோட ரீச்சர்... ஹரிப்பிரியாவின்ர தகப்பன் சடகோபன் யூனிலேயே கமிற்றிக்கு எழுதிப் போட்டார், பிழையாப் படிப்பிக்கினம் எண்டு. நான் இழுத்து இழுத்து வைச்சிருந்தனான். இனி ஏலாது."

"ஓம் சேர். அவர் எழுதினது சரிதான்."

"என்னில கோவமே?"

"இல்லை சேர். நீங்கள் இவ்வளவு நாளும் வைச்சிருந்ததே பெரிசு."

ஐந்து பேரையும் ஆறாம் வகுப்பு இலக்கணத்தோடு சேர்க்கிறார்களாம். நான் வரத் தேவையில்லை.

டிரொலியை வெறுமையாக்கினேன். மணலைக் கொட்ட இடம் இல்லை, தம்பியின் புல். வாளியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். யோகா கதவில் நின்று, "என்ன மச்சாள், சுகமில்லையோ?" என்றாள். தலையிடி என்றேன். அழுகையை அடக்கினால் தலை உண்மையாகவே இடிக்கிறது.

சனி, ஒக்ரோபர் 6

வேலை இல்லை. பஸ்ஸும் இல்லை. சனிக்கிழமை இவ்வளவு நீளமா?

சனி, ஒக்ரோபர் 13

காலையில் தலை முழுகி, உடுப்பு மடித்து, அலுமாரியை இரண்டு தடவை அடுக்கினேன். பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் கார் நிற்கும் சத்தம். தம்பியைப் பார்க்க வந்த ஆட்கள் என்று என் அறைக் கதவைச் சாத்தப் போனேன். அருந்ததி ஓடிவந்தாள். "மாமி, குச்சி எங்க?"

ஹரிப்பிரியா. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், இலக்கணக் கொப்பிகளோடு. வகுப்பு விட்டதும் நேரே வந்திருக்கிறார்கள். காரை ஓட்டிவந்தவர் ஹரிப்பிரியாவின் தகப்பன் சடகோபன். உயரமான மனிதர், என்னைவிட இளையவர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"மன்னிக்கணும் மேடம். லெட்டர்..."

"நீங்கள் எழுதினது சரி தம்பி."

"இல்ல, தப்பு வந்தா வந்துட்டுப் போகுது. வீட்ல வேற எந்த வாத்தியாரைப் பத்தியும் இவ பேசுனதில்ல. அதையும் எழுதியிருக்கணும்ல?"

வாளியைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தேன்.

விரிப்பை விரித்தோம். புல் மெத்தென்று இருந்ததால் வாளி ஆடியது. குச்சி நிமிர்ந்து நிற்கவில்லை. பிள்ளைகள் பிடிக்க, அது சாய, பிடிக்க, மணல் புல்லில் கொட்டியது. சமையலறை யன்னலில் தம்பியின் முகம். கதவைத் திறந்துகொண்டு வந்தான். மணலைப் பார்த்தான். கராஜுக்குப் போனான். சுத்தியலோடு வந்தான்.

"உது உப்பிடி நிக்காது அக்கா. தள்ளுங்கோ."

புதுப் புல்லின் நட்டநடுவில் குச்சியை வைத்து ஆறு அடி அடித்தான். பிறகு ஒரு மீட்டர் வெளியே நிற்கிறதா என்று அவனே அளந்து, இன்னும் இரண்டு அடி.

ஒரு மணி ஆறு நிமிடத்துக்கு உச்சி. 57 சென்ரிமீட்டர். மறையாத நிழலைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்தோம். நான் சொன்னேன்: "நிழலை மறைக்க ஒரு வழி இருக்கு. யூலையில நான் களவா செய்து பாத்தனான். உங்களை ஏமாத்தலாமோ எண்டு." ஹரிப்பிரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும். "இண்டைக்கு எல்லாரும் சேந்து செய்வம். குச்சியை வடக்க சாய்ச்சுப் பிடியுங்கோ."

சாய்த்தார்கள். குழி அகலமாகிப் புல் பிய்ந்தது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நிழல் ஒடுங்கியது. ஒடுங்கி, ஒரு விரல், அரை விரல், இல்லை.

சடகோபன் மண்டியிட்டுப் பாகைமானியைப் பிடித்தார். முப்பது. ஒரு பாகைக்கு நூற்றுப்பதினொரு கிலோமீட்டர் என்றேன். ஹரிப்பிரியா வாயாலேயே பெருக்கினாள். மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். நேர் வடக்கே போனால் டார்வினின் அகலக்கோட்டையும் தாண்டி, திமோரின் அகலக்கோட்டுப் பக்கம். அங்கே இன்றைக்குக் குச்சியைச் சாய்க்கத் தேவையில்லை.

"அப்ப வவுனியாவில மாமி?" என்றாள் அருந்ததி. "இண்டைக்கு உச்சி நேரம் அங்க நிழல் இருக்கோ?"

"இருக்கு. சின்னதா. வடக்குப் பக்கம் விழும்."

யோகா அப்பம் சுட்டாள். பிள்ளைகள் புல்லில் இருந்து சாப்பிட்டார்கள். ஜாம் போத்தலைக் கவிழ்த்து எல்லாத் துண்டுகளையும் வாசித்தோம். என்னுடைய வெறுந்துண்டு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. என்னுடையது என்றேன்.

சனி, டிசெம்பர் 1

மழை. அளக்க முடியவில்லை. மூன்று பேர் வந்து பல்லாங்குழி விளையாடிவிட்டுப் போனார்கள்.

சனி, டிசெம்பர் 22

எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். ஹரிப்பிரியா சென்னையில், அங்கே ஒரு குச்சி நட்டிருப்பதாகத் தகப்பனின் ஈமெயிலில் இரண்டு வரி. தம்பியும் யோகாவும் அருந்ததியும் கடைக்கு. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, வழக்கமான அமைதி.

ஒன்றே காலுக்கு அளவுநாடாவோடு பின்வளவுக்குப் போனேன். தம்பி காலையில் புல் வெட்டியிருக்கிறான். வளவு முழுக்க ஒட்ட வெட்டியிருந்தது. குச்சியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டிருக்கிறான்; அதற்குள் புல் கணுக்கால் உயரத்துக்கு நிற்கிறது. புள்ளிகளுக்கு நாங்கள் நட்ட ஐஸ்கிரீம் குச்சிகள் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தன.

26.